ஓவியத்தில் இருப்பவர் புனித எலிஜியுஸ்தானா? படிப்படியாக அடையாளம் காணும் முறை

ஒரு பழைய ஐரோப்பிய ஓவியம் உங்கள் முன் இருக்கிறது. அதில் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து பொன் வேலை செய்கிறார். அல்லது ஆயர் (பிஷப்) உடையில், கையில் சுத்தியலோடு நிற்கிறார். அல்லது குதிரையின் வெட்டுண்ட காலைப் பட்டடைமேல் வைத்து லாடம் அடிக்கிறார். இவர் பொற்கொல்லர்களின் பாதுகாவலரான புனித எலிஜியுஸா, வேறொரு புனிதரா, அல்லது புனிதரே அல்லாத ஒரு பொற்கொல்லரா?

இதற்கு விடை காண ஒரு வரிசை உண்டு. நண்பர்கள் சிலரோடு சேர்ந்து படங்களைப் பார்த்து வருகிறேன். கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துவிடுவதால்தான் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை மாற்றிப்போடாமல் செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில், வெட்டப்படாத படம். சமூக ஊடகங்களில் சுற்றும் படங்களில் சட்டமும் அடிப்பகுதியும் பெரும்பாலும் போய்விடும். நமக்குத் தேவையான சான்றுகள் பல நேரம் அங்கேதான் இருக்கும். ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்தே, பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். சிலையாக இருந்தால் அது நிற்கும் மாடத்தின் படமும் வேண்டும்.

இரண்டாவது, அவர் வாழ்க்கையில் நாலைந்து செய்திகள். 588 அளவில் பிரான்சின் லிமோஜ் நகருக்கு அருகே பிறந்தவர். லிமோஜ் நாணயச்சாலைத் தலைவரிடம் பொன் வேலை கற்றவர். ஃபிராங்கு அரசர் இரண்டாம் குளோத்தார் ஒரு பொன் இருக்கைக்குக் கொடுத்த பொன்னில் இரண்டு இருக்கைகள் செய்து கொடுத்தவர். அரசவையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்தவர். 641இல் நுவாயோன் ஆயரானவர். 660 டிசம்பர் 1இல் இறந்தவர். இவற்றைத் தெரிந்துகொள்ளக் காரணம் எளியது. ஓவியர்கள் அவரை வரைந்த விதங்கள் இந்தச் செய்திகளிலிருந்தே கிளைக்கின்றன. எந்தச் செய்தி எந்த விதமாக ஆனது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, பெயரின் வடிவங்கள். பிரான்சில் எலுவா, ஸ்பெயினில் எலோய், இத்தாலியில் எலிஜியோ, ஃப்ளோரன்சில் ஆலோ. ஒரே பெயரில் தேடுகிறவருக்குக் கால்வாசிப் படங்கள்கூடக் கிடைக்காது.

2. தலையை விடுங்கள், கையைப் பாருங்கள்

நம் ஆலயங்களில் இதை இயல்பாகவே செய்கிறோம். கையில் குழந்தை இயேசு இருந்தால் அந்தோணியார். லீலி மலர் இருந்தால் சூசையப்பர். உடலில் அம்புகள் இருந்தால் செபஸ்தியார். சுரூபத்தின் முகத்தை வைத்து யாரும் பெயர் சொல்வதில்லை. ஆனால் அருங்காட்சியக ஓவியம் என்றதும் கண் நேராக ஒளிவட்டத்தைத் தேடிப் போகிறது. அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஏன் என்பதை ஏழாவது படியில் விளக்குகிறேன்.

கையில் இருப்பதைத் தாளில் எழுதுங்கள்: சுத்தியல், குறடு, தராசு, மோதிரம், திருப்பலிக் கிண்ணம், லாடம், குதிரைக் கால். சுத்தியலின் அளவையும் குறியுங்கள். விரல்களுக்குள் அடங்கும் சிறு சுத்தியல் பொற்கொல்லருடையது. கனத்த சுத்தியல் லாடம் அடிப்பவருடையது. எலிஜியுஸ் இரு தொழிலாருக்கும் பாதுகாவலர் என்பதால் இரண்டும் வரும். எது வருகிறது என்பதிலிருந்து, படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் யாராக இருக்கலாம் என்று ஊகிக்கத் தொடங்கலாம்.

ஒளிவட்டம் இல்லாததால் ஒருவர் புனிதர் இல்லை என்று ஆகிவிடாது. நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் குளோய்ஸ்டர்ஸ் பிரிவில் மெரோத் பீட ஓவியம் (ஆலயப் பீடத்துக்கென்று செய்யும் பலகை ஓவியம்) இருக்கிறது. ராபர்ட் காம்பின் பட்டறையில் 1427க்கும் 1432க்கும் இடையில் உருவானது. அதன் வலப் பலகையில் சூசையப்பர் பலகையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் எலிப்பொறி. அவர் தலையில் ஒளிவட்டம் இல்லை. நடுப் பலகையில் மரியாவுக்குக்கூட இல்லை. அவர் சூசையப்பர் என்பதை நமக்குச் சொல்வது அவர் செய்யும் தச்சு வேலையும் மரியாவுக்கு அருகில் அவர் உட்கார்ந்திருக்கும் இடமும்தான்.

3. உடையைக் கருவியோடு சேர்த்துப் படியுங்கள்

எலிஜியுஸ் பாதி வாழ்க்கை கைவினைஞர், மீதி ஆயர். அதனால் ஓவியர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. பட்டறையில் வேலை உடையில் வரைவது ஒன்று. கூர்முடியும் ஆயர் கோலுமாக வரைந்து, கையில் ஒரு சுத்தியலைக் கொடுப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வகையில் காலக் குழப்பம் இருக்கிறதே என்று புதியவர்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். ஒருவருடைய முழு வாழ்க்கையையும் ஒரே உருவத்தில் அடக்குவதுதான் அங்கே நோக்கம்.

ஆயரும் சுத்தியலும் சேர்ந்தால் பெரும்பாலும் எலிஜியுஸ். பெரும்பாலும்தான். ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் பகுதிப் படம் என்றால் புனித பெர்ன்வார்டை நினைவில் வையுங்கள். 1022இல் இறந்த அவரும் ஆயர், அவரும் பொற்கொல்லர்களின் பாதுகாவலர். இங்கிலாந்துப் படம் என்றால் காண்டர்பரிப் பேராயர் புனித டன்ஸ்டன். அவர் குறட்டால் பேயின் மூக்கைப் பிடித்திருப்பார். ஆனால் பேய் வந்தாலே டன்ஸ்டன் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். எலிஜியுஸ் படங்களிலும் பேய் உண்டு. ஊர் தெரியாமல் இந்த மூவரையும் பிரிப்பது கடினம். ஆகவே படம் எங்கே செய்யப்பட்டது என்பதை இந்தப் படியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் கையில் எதுவுமே உதவாது. ஃப்ளோரன்சின் ஓர்சான்மிக்கேலே கட்டடத்துக்கு நான்னி தி பாங்கோ 1420ஐ ஒட்டிய ஆண்டுகளில் செதுக்கிய எலிஜியுஸ் சிலை அப்படிப்பட்டது. ஆயர் உடையில் நிற்கும் அந்தச் சிலையை மட்டும் பார்த்தால் அவர் எந்த ஆயர் என்று சொல்ல வழியில்லை. அதற்கு அமைந்த மாடத்தைப் பாருங்கள்: குறடு பொறிக்கப்பட்டிருக்கிறது. குறடு, சிலைக்குப் பணம் கொடுத்த லாடக்காரர் கில்டின் (தொழில் சங்கத்தின்) சின்னம். இன்று மூலச் சிலை கட்டடத்துக்குள் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியே மாடத்தில் நிற்பது நகல். ஆகவே உள்ளே எடுத்த சிலைப் படத்தையும் வெளியே எடுத்த மாடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க முடியும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. குதிரையின் கால்களை எண்ணுங்கள்

படத்தில் குதிரை இருந்தால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் கால்களை எண்ணுங்கள். மூன்று கால்தான் தரையில் இருக்கிறது, நான்காவது பட்டடைமேல் இருக்கிறது என்றால் நீங்கள் எலிஜியுஸ் படத்தைத்தான் பார்க்கிறீர்கள். அவருடைய அடையாளங்களில் இதைவிட உறுதியானது கிடையாது.

கதை இது. முரட்டுக் குதிரை ஒன்று லாடம் அடிக்க விடாமல் உதைத்துத் திமிறுகிறது. பேய் பிடித்த குதிரை என்பது நம்பிக்கை. எலிஜியுஸ் அதன் காலைத் தனியே எடுத்து, பட்டடைமேல் வைத்து நிதானமாக லாடம் அடித்து, சிலுவை அடையாளம் வரைந்து மீண்டும் பொருத்துகிறார். குதிரைக்கு ஒரு குறையும் இல்லை.

மேலே சொன்ன நான்னி சிலையின் கீழே உள்ள புடைப்புச் சிற்பத்தில் இந்தக் காட்சி முழுமையாக இருக்கிறது. ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். புனிதர் பட்டடையில் குனிந்திருக்கிறார். பெண் உருவில் பேய் ஒன்றும் நிற்கிறது. முதன்முறை இதைக் காட்டியபோது ஒரு கல்லூரி மாணவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவ்வளவு கொடுமைக்காரரையா புனிதர் என்கிறார்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் குதிரையின் உடம்பில் இருக்கிறது. குதிரை துடித்துச் சரியவில்லை, பிடித்திருப்பவரோடு நிற்கிறது. புனிதரின் முதுகும் தோளும் வேலையில் மூழ்கிய ஒருவருடையவை. சித்திரவதைக் காட்சியாகச் செதுக்க நினைத்த சிற்பி குதிரையை இப்படி நிற்க விடமாட்டார். காலைப் பார்த்த அதிர்ச்சியில் மற்ற மூன்று கால்களின் நிலையைக் கவனிக்கத் தவறுவதுதான் இங்கே வழக்கமாக நேரும் பிழை.

இந்தக் கதை எலிஜியுஸின் நண்பரும் ரூவான் ஆயருமான அவுதோயன் பெயரில் வழங்கும் பழைய வரலாற்றில் இல்லை. பிற்காலத்தில் மக்களிடையே வளர்ந்தது. ஆகவே குதிரைக் கால் இல்லாத படத்தை "முழுமையற்றது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய வரலாற்றை மட்டும் படித்துவிட்டுப் படம் பார்க்க வருகிறவர்களும் இதே இடத்தில்தான் எதிர்ப்பக்கமாகச் சறுக்குகிறார்கள்: புத்தகத்தில் இல்லாததால் இது வேறு யாரோ என்று எழுதிவிடுகிறார்கள்.

5. பீட ஓவியம் என்றால் அடிப்பகுதியிலிருந்து மேலே செல்லுங்கள்

பெரிய பீட ஓவியங்களில் முதன்மைப் பலகைக்குக் கீழே சிறு காட்சிகளின் வரிசை ஒன்று இருக்கும். மேலே நிற்கும் புனிதர்களின் வாழ்க்கையிலிருந்து ஆளுக்கொரு காட்சி. பல நேரம் மேலே நிற்கும் அதே வரிசையில் கீழேயும் வரும். இது ஓவியரே நமக்குக் கொடுத்த விடைத்தாள்.

போத்திசெல்லியின் சான் மார்க்கோ பீட ஓவியத்தில் செய்து பாருங்கள். 1490ஐ ஒட்டி வரையப்பட்டது. இப்போது ஃப்ளோரன்சின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே மரியாவின் முடிசூட்டு விழா. கீழே தரையில் நான்கு புனிதர்கள். அவர்களில் இருவர் ஆயர்கள். எவர் எலிஜியுஸ்? உடையை வைத்து வாதாடினால் மாலை வரை வாதாடலாம். அடிவரிசையைப் பாருங்கள். இடமிருந்து வலமாக பத்மு தீவில் யோவான், அறையில் அகுஸ்தினார், நடுவில் மங்கள வார்த்தை (வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொல்லும் காட்சி), தவத்தில் எரோணிமுஸ், கடைசியில் குதிரைக் காலோடு எலிஜியுஸ். மேலே போனால் வலது ஓரத்து ஆயர்தான் நம்மவர். மற்ற ஆயர் அகுஸ்தினார். பொற்கொல்லர்கள் தங்கள் சிற்றாலயத்துக்காக வரையச் சொன்ன ஓவியம் இது என்ற செய்தியும் இதோடு பொருந்துகிறது.

6. ஈகையைத் தேடும்போது ஆளை மாற்றிவிடாதீர்கள்

எலிஜியுஸின் வரலாற்றைப் படித்தவர் மனத்தில் தங்குவது அவருடைய தருமம்தான். அவர் வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம், "எங்கே ஏழைகள் கூட்டமாக நிற்கிறார்களோ அதுதான் அவர் வீடு" என்று சொல்வார்களாம். கப்பலில் வந்திறங்கிய அடிமைகளை ஐம்பது, நூறு பேராக விலை கொடுத்து மீட்டார். பணம் போதாதபோது உடம்பில் இருந்த நகையையும் கழற்றிக் கொடுத்தார்.

இதைப் படித்தவர்கள் எல்லாப் படத்திலும் ஏழையைத் தேடுகிறார்கள். கிடைக்காதபோது யாரையாவது ஏழையாக்கிவிடுகிறார்கள். படங்களுக்குப் பணம் கொடுத்தவை பெரும்பாலும் கில்டுகள். தங்கள் தொழிலைத் தங்கள் புனிதரின் கையில் பார்க்க அவர்கள் விரும்பினார்கள். ஆகவே அவர் படங்களில் முன்னால் வருவது பட்டறை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அடிமைச் சங்கிலியை அறுத்த மனிதர் அதிகமும் லாடத்தோடு நினைவில் நிற்கிறார். ஆனால் நம் வருத்தத்தை ஓவியத்துக்குள் திணிக்கக் கூடாது.

பிச்சைக்காரருக்குக் காசு கொடுக்கும் ஒருவர் தெரிந்தால், அருகில் கத்தரிக்கோலோ துணியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் இத்தாலியின் கிரெமோனா நகரத்துப் புனித ஓமோபோனோவாக இருக்கலாம். துணி வணிகர், தையற்காரர்களின் பாதுகாவலர். 1197 நவம்பர் 13இல் இறந்து, 1199 ஜனவரியிலேயே புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்குத் திறந்த பணப்பையும் நீட்டிய கையுமே அடையாளம். தொழில் ஒதுங்கி நிற்க, தருமம் முன்னால் வருகிறது. எலிஜியுஸுக்கு நேர்மாறு. இருவர் சேர்ந்து தோல் வெட்டிக்கொண்டோ செருப்புத் தைத்துக்கொண்டோ இருந்தால் கிறிஸ்பினும் கிறிஸ்பினியானும். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் என்று மரபு சொல்கிறது.

எலிஜியுஸின் நேர்மையைக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. அரசர் முன்னால் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பொன் இருக்கைகள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. லத்தீனில் 'செல்லா' என்ற சொல் இருக்கைக்கும் வரும், குதிரைச் சேணத்துக்கும் வரும். அதனால் பொன் சேணத்தைக் கண்டால் குழம்பாதீர்கள், அதே கதைதான். மத்ரீதின் பிராதோ அருங்காட்சியகத்தில் 1370ஐ ஒட்டிய இத்தாலியப் பலகை ஓவியங்கள் இரண்டு உள்ளன. ஒன்றில் எலிஜியுஸ் குளோத்தார் அரசர் முன்னால், மற்றொன்றில் பொற்கொல்லர் பட்டறையில். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

7. இப்போது ஒளிவட்டத்தைச் சோதியுங்கள்

இந்தப் படியை இவ்வளவு தள்ளி வைக்கக் காரணம் ஒரே ஓவியம். ஓவியர் பெத்ரூஸ் கிறிஸ்துஸ் 1449இல் பட்டறைப் பலகையின் கீழே பெயரும் ஆண்டும் எழுதிக் கையெழுத்திட்ட பொற்கொல்லர் ஓவியம். நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்குங்கள். சிவப்பு உடையில் பொற்கொல்லர் உட்கார்ந்திருக்கிறார். கையில் சிறு தராசு. மோதிரத்தை எடை பார்க்கிறார். பின்னால் செல்வச் செழிப்பான இளம் இணை. பெண்ணின் உடை பொன்னிழைப் பட்டு. மேசைமேல் மணப்பெண்ணின் இடைக்கச்சை ஓரத்தில் தொங்குகிறது, அருகே நாணயங்கள். அலமாரியில் பவளம், படிகம், முத்து, மோதிரப் பெட்டி, மூடியிட்ட குடங்கள். வலது ஓரத்தில் குவிந்த கண்ணாடி. அதில் தெருவும் இரண்டு ஆண்களும் தெரிகிறார்கள், ஒருவர் கையில் வல்லூறு.

நெடுங்காலம் இவர் தலையைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் இருந்தது. அதனாலேயே படத்துக்குப் "புனித எலிஜியுஸ்" என்று பெயர். பின்னர், அந்த வட்டம் கிறிஸ்துஸ் வரைந்ததல்ல, வேறு யாரோ பிற்காலத்தில் சேர்த்தது என்று தெரியவந்தது. 1993இல் அதை நீக்கினார்கள். இன்று அருங்காட்சியகம் அந்த ஓவியத்தைப் பட்டறையில் ஒரு பொற்கொல்லர் என்றே அழைக்கிறது.

பழைய அச்சுப் படம் ஒன்றில் ஒளிவட்டத்தோடு இதைப் பார்த்துவிட்டு, "புனிதர் ஏழை இணைக்கு மோதிரம் தருமம் செய்கிறார்" என்று பல ஆண்டுகளுக்கு முன் நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். வட்டத்தைக் கண்டதும் தராசை மறந்தேன், பொன்னிழைப் பட்டை மறந்தேன். தருமம் கொடுக்கிறவர் எடை பார்த்துக் கொடுப்பாரா? கையை முதலில் பார்த்திருந்தால் இது கடை, அவர்கள் வாடிக்கையாளர்கள் என்பது உடனே விளங்கியிருக்கும்.

ஆகவே ஒளிவட்டத்தைச் சோதிக்கும்போது மூன்று கேள்விகள். அருங்காட்சியகக் குறிப்பில் பிற்காலத் திருத்தம் பற்றி ஏதேனும் இருக்கிறதா? வட்டத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் படத்தில் வேறு சான்று மிஞ்சுகிறதா? உங்கள் கையில் இருக்கும் படம் எந்த ஆண்டு எடுத்தது? கடைசிக் கேள்வியைக் கேட்க மறப்பவர்களே அதிகம். பழைய அச்சுப் படங்கள் இன்னும் இணையத்தில் உலவுகின்றன.

8. பணம் கொடுத்தவர் யார்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிக்லாஸ் மானுவேல் 1515இல் வரைந்த பட்டறைக் காட்சி சுவிட்சர்லாந்தின் பெர்ன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது லூக்கா, எலிஜியுஸ் இருவர் பெயரிலும் அமைந்த கைவினைஞர் சபையின் பீடத்துக்காகச் செய்யப்பட்டது. இந்தச் செய்தி தெரிந்ததும் பட்டறையில் வேலை செய்கிறவர் யார் என்ற ஐயம் போய்விடுகிறது. கிறிஸ்துஸ் ஓவியத்துக்கும் ஒரு கில்டு இதுபோலப் பணம் கொடுத்ததற்கு உறுதியான ஆவணம் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். இந்தத் தேடலைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், ஆவணத்தை முதலில் படித்தால் கண் சோம்பிவிடும் என்பதுதான்.

9. முடிவை எழுதும் விதம்

மூன்று சொற்களில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். குதிரைக் கால், அடிவரிசை, கில்டு ஆவணம் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் "உறுதி". ஆயர் உடையும் சுத்தியலும் இருந்து, ஊரும் பொருந்தினால் "பெரும்பாலும்". பட்டறையும் ஒளிவட்டமும் மட்டும் இருந்தால் "பொற்கொல்லர்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தச் சான்றை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நாளை யாராவது மாற்றிச் சொன்னால் எந்த இடத்தில் மாறுகிறது என்று தெரியும்.

கிறிஸ்துஸ் ஓவியத்துக்கு இப்போது என் குறிப்பேட்டில் இருப்பது இதுதான்: "கையில்: தராசு, மோதிரம். உடை: வேலை செய்பவருடையது, ஆயர் அல்ல. குதிரை: இல்லை. அடிவரிசை: இல்லை, கையெழுத்தும் 1449உம் மட்டும். ஏழைகள்: இல்லை, இருவரும் வாடிக்கையாளர்கள். ஒளிவட்டம்: பிற்காலத்தது, 1993இல் நீக்கப்பட்டது. முடிவு: பொற்கொல்லர்."